வானொலியை விட்டு விலகுவது துரோகமா?

கேள்வி:

என் வயது 63. மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். திருநெல்வேலி சிந்துபூந்துறையில் குடியிருக்கிறேன். 1977இல் பத்தாம் வகுப்புப் படிக்கையில் அப்பாவின் மர்ஃபி ரேடியோவில் சிற்றலை வரிசையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியவன், 48 ஆண்டுகளாக அதை விடவில்லை. வெளிநாட்டு நிலையங்களைக் கேட்டு, கேட்ட விவரத்தை அறிக்கையாக எழுதி அனுப்பி, அவர்கள் உறுதிசெய்து அனுப்பும் கியூஎஸ்எல் அட்டைகளைச் சேர்த்துவந்தேன். ஏறத்தாழ 1,400 அட்டைகள், 31 குறிப்பேடுகள். எங்கள் நேயர் மன்றத்துக்கு 19 ஆண்டுகளாக நானே செயலாளர்.

2023 டிசம்பரில் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்த இரவு, வீட்டுப் பத்திரம், மனைவியின் நகை, அம்மாவின் படம் ஆகியவற்றை மாடிக்கு ஏற்றினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிகளை ஏற்றவில்லை. தண்ணீர் வடிந்தபின் பாதிக்கு மேல் ஊறிக் கிடந்ததைப் பார்த்தபோது அழுகை வரவில்லை. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அன்று முதல் ரேடியோவைத் தொட மனம் வரவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பு மட்டும் பழையபடி வருகிறது. நிலையங்கள் மூடிப்போனதுதான் காரணம் என்று மன்றத்துத் தம்பிமாரிடம் சொல்கிறேன். அவர்கள் "அண்ணாச்சி, நீங்க இல்லாம மன்றம் எப்படி?" என்கிறார்கள். எனக்கு மனநோய் ஏதும் வந்திருக்கிறதா? இத்தனை ஆண்டுக் காதலை இப்படி விடுவது துரோகம் ஆகாதா? மீதமுள்ள அட்டைகளை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

நான்கு பக்கம் நீண்ட உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதன் சுருக்கமே மேலே வெளியாகியிருக்கிறது. விடுபட்ட செய்திகளில் முக்கியமானவற்றை என் பதிலில் அங்கங்கே எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் உளவியல் ஆலோசகராக இருக்கும் நான், விருப்பம் வற்றிப்போய்விட்டது என்று சொல்லி வருபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன் என்றாலும், அந்த வற்றலை ஒரு குற்றவாளியைப் போல நின்று ஒப்புக்கொள்பவர்களைக் காணும்போது ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இது மனநோயா என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. மனச்சோர்வு நோய்க்குத் தலையாய அறிகுறிகள் இரண்டு: ஒன்று, மனம் தாழ்ந்து கிடப்பது, மற்றொன்று, முன்பு பிடித்திருந்தவற்றில் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமற்போவது. இவற்றில் ஒன்றாவது, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், குறைந்தது இரண்டு வாரம் நீடித்து, அதனோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், உடற்களைப்பு, கவனக் குறைவு, தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் போன்றவற்றில் பலவும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதை நோயாகவே கொள்வார்கள். அந்த இரண்டாவது அறிகுறியைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே சொல்லப்படும் நாட்டமின்மை, எல்லாவற்றின் மீதும், அல்லது ஏறக்குறைய எல்லாவற்றின் மீதும் படரும் நாட்டமின்மை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்த பூத்தையலை விட்டுவிட்டதைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்கினார். அரை மணி நேரம் கேட்டபின், அவருக்குப் பேரனைத் தூக்குவதிலும் விருப்பமில்லை, காப்பியிலும் ருசியில்லை, குளித்துவிட்டு வந்து தலை சீவவும் தெம்பில்லை என்பது தெரிந்தது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது மாத்திரை. என் அறிவுரை அதற்குப் பிறகுதான் பயன்பட்டது.

உங்கள் கடிதத்தில் அந்தப் படர்ச்சி தெரியவில்லை. மத்தியானம் மனைவியோடு உட்கார்ந்து திருநெல்வேலி வானொலியில் பாட்டுக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேத்திக்குக் கதை சொல்கிறீர்கள். நாள்தோறும் காலையில் குறுக்குத்துறைக்கு நடந்து போய் ஆற்றில் குளிக்கிறீர்கள். அதிகாலை விழிப்பு மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால் அந்த வரியில் நான் நின்று யோசித்தேன். ஆனால் அது உங்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம், எழுந்தபின் மனம் கனமாக இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளத்தின் அதிர்ச்சி மனத்தை மரத்துப்போக வைத்திருக்குமோ என்றும் பார்த்தேன். அப்படி மரத்துப்போனவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குவார்கள், மழைச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுவார்கள். நீங்களோ அதே ஆற்றில் இறங்கிக் குளிக்கிறீர்கள். ஆகவே என் கணிப்பு, இது நோய் இல்லை என்பதே. இருந்தாலும் கடிதத்தைக் கொண்டு மட்டும் செய்யும் கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு. இந்த வெறுமை வானொலியைத் தாண்டி, ஆற்றுக்குப் போகவும் பேத்தியோடு பேசவும் மனமில்லாத அளவுக்குப் பரவுகிறது என்று தோன்றினால், காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டும் வைட்டமின் பி12 அளவும் ஒருமுறை பார்த்துவைப்பது உங்கள் வயதில் நல்லது. இரவு நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் கட்டணமில்லா அரசுச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் உடனே செய்ய வேண்டியது, காதுகளைப் பரிசோதித்துக்கொள்வது.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல் முதலிய ஐந்து கூறுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுக்கும் சின்போ மதிப்பீட்டில் முன்பு 34333 என்று எழுதக்கூடிய ஒலியெல்லாம் கடைசிக் காலத்தில் இரண்டுக்கு மேல் தேறவில்லை என்றும், நிலையத்தின் பெயரைச் சொல்லும் இடத்திலேயே தெளிவு போய்விடுகிறது என்றும் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மனைவி சண்டை போடுவதாக ஒரு வரி. நான்காம் பக்கத்தில், பேத்தி வேகமாகப் பேசுவதால் பாதி புரிவதில்லை என்று ஒரு வரி. இந்த மூன்று வரிகளையும் நீங்கள் வெவ்வேறு குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் எனக்கு அவை ஒரே குறையாகத் தெரிகின்றன. வயதோடு வரும் செவித்திறன் குறைவு, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளில்தான் முதலில் தொடங்கும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை நன்றாகவே கேட்கும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் கழன்றுபோகும். அதனால்தான் இந்தக் குறை உள்ளவர்கள் பெரும்பாலும் "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்பார்கள். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசுவதாகவோ முணுமுணுப்பதாகவோ குறைபட்டுக்கொள்வார்கள். பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கடினமாக இருக்கும்.

சிற்றலைக்காரருக்கு இதில் கூடுதல் இழப்பு உண்டு. சிற்றலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அலையே பாதியை வெட்டிக் கொடுக்க, மீதியில் ஒரு பகுதியைக் காது தவறவிட, அதன் மேல் இரைச்சலும் விழுந்தால், மூளை ஒவ்வொரு சொல்லையும் ஊகித்து ஊகித்துக் களைத்துப்போகும். எல்இடி விளக்கும் கைபேசி சார்ஜரும் வீட்டுக்கு வீடு வந்தபின் இரைச்சல் கூடிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதே இரைச்சலில் உங்கள் மன்றத்து இளைஞர்கள் இன்னும் நிலையங்களை இனங்கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். களைப்பு நாள்தோறும் சேர்ந்தால் மனம் அந்த வேலையிலிருந்து ஒதுங்கும். ஒதுங்கிய மனம், காரணம் தெரியாமல், தனக்கு ஆசை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொள்ளும். வீட்டார் விழித்துவிடக் கூடாதென்று அதிகாலைகளில் ஹெட்போன் மாட்டிக் கேட்ட பல ஆண்டுகளும் காதுகளுக்கு நன்மை செய்திருக்காது.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போய், முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் ஆடியோமெட்ரி என்னும் செவித்திறன் அளவீடு செய்துகொள்ளுங்கள். வலியோ ஊசியோ இல்லாத, அரை மணிக்குள் முடியும் சோதனை அது. வானொலியை நீங்கள் இனித் தொடவே போவதில்லை என்றாலும் இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய காரணங்களுள் நடுவயதுச் செவித்திறன் குறைவையும் வைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, உங்கள் பேத்தியின் பேச்சில் பாதி உங்களுக்குப் போய்ச் சேராமல் இருக்கிறது என்பது.

காது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், அதுவே முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நிலையங்கள் மூடிப்போனதும் முழுக் காரணம் ஆகாது. அந்த இழப்பு பெரியதுதான். ரேடியோ நெதர்லாந்தின் ஆங்கில ஒலிபரப்பு 2012இல் நின்றது. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியோடு சிற்றலையை விட்டது. 1941 முதல் ஒலித்த பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் விடைபெற்றது. மணிலாவிலிருந்து தமிழ் பேசிய வெரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையிலிருந்து விலகியது. தமிழோசையின் கடைசி ஒலிபரப்பு நாளில் எங்கள் வீட்டிலும் என் தந்தையார் பெட்டியை அணைக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். அதனால் அந்த வருத்தத்தை நான் சிறிதாக எண்ண மாட்டேன். ஆனாலும் சீனா, ருமேனியா, துருக்கி போன்ற நாடுகளின் குரல்கள் இன்னும் சிற்றலையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிற்றலையைத் தொலைதூரத்துக்கு வளைத்து அனுப்பும் அயனி மண்டலத்துக்கு உரமூட்டுவது சூரியன். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அதன் செயல்பாடு உச்ச நிலையை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் நல்ல பருவத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் நீங்கள் தூங்கியே இருக்க மாட்டீர்கள். இப்போது ஆன்டெனாக் கம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உங்கள் குறிப்பேடுகளே இதற்குச் சாட்சி. 1986இல் மட்டும் மூன்று குறிப்பேடுகள் நிறைந்தன என்றும், 2009இல் ஆண்டு முழுதும் அரைக் குறிப்பேடு கூட நிறையவில்லை என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். 2009இல் மேலே சொன்ன நிலையங்கள் எல்லாம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. வெள்ளத்துக்குப் பதினான்கு ஆண்டு முன்பே ஆர்வம் இறங்கத் தொடங்கிவிட்டது. தம்பிமாரிடம் நீங்கள் சொல்லும் காரணம் அவர்களுக்கும் உங்களுக்கும் வசதியான காரணம், அவ்வளவே. இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உண்மையான காரணம் தெரியாதவரை நீங்கள் உங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

ஏன் இறங்கியது? என் கருத்தில், நீங்கள் செய்துவந்தது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஒரு வேலையும் ஒரு கடிதப் போக்குவரத்தும் அதில் இருந்தன. ஐந்தாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒலிபரப்பும் ஒரு நிலையத்துக்குத் தன் குரல் தாமிரபரணிக் கரையில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அன்று வேறு எளிய வழி இல்லை. நாள், நேரம், அலைவரிசை, ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல், நிகழ்ச்சியில் கேட்டவை எல்லாவற்றையும் குறித்து நீங்கள் அனுப்பிய அறிக்கை அங்கிருந்த பொறியாளருக்குப் பயன்பட்டது. அதற்கு நன்றியாகவும் சான்றாகவும் வந்ததுதான் அட்டை. இன்று உலகின் பல மூலைகளில் உள்ள வானொலி ஏற்பிகளை இணையத்தின் வழியே இயக்கி, தங்கள் ஒலி எங்கே எப்படி விழுகிறது என்பதை அவர்களே கேட்டுக்கொள்ள முடிகிறது. கடிதத்தின் மறுமுனையில் காத்திருந்தவர் எழுந்து போய்விட்டார் என்பதை மனம் மெல்ல உணர்ந்துகொண்டது. பதில் எதிர்பார்க்காத கடிதத்தை எவ்வளவு காலம் எழுத முடியும்?

இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளில், அட்டை அனுப்பாத நிலையங்களைக் கேட்பதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் கடிதத்தின் நடுப்புள்ளியாகப் பட்டது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மறுபடி வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். ஆசைக்காகச் செய்துவந்ததைப் பரிசுக்காகச் செய்யப் பழகிவிட்டால், பரிசு நிற்கும்போது ஆசையும் தளர்ந்துபோகக்கூடும். 1977இல் உங்களைப் பெட்டியின் முன் உட்காரவைத்தது, இருட்டில் யாரோ ஒருவர் தெரியாத மொழியில் பேசுகிறார் என்ற வியப்பு என்று முதல் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களிடம் ஓர் அட்டையும் இல்லை. ஆயிரத்து நானூறு அட்டைகள் சேர்வதற்குள் அந்த வியப்பு எந்த ஆண்டில் போயிற்று என்று நீங்களே கவனிக்கவில்லை.

இப்போது வெள்ளத்து இரவுக்கு வருகிறேன். அட்டைகள் ஊறிக் கிடந்ததைக் கண்டு உங்களுக்கு நிம்மதி தோன்றியதை, 48 ஆண்டுக் காதல் பொய் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் ஆற்றோரம் இருந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கை எதை எடுத்தது என்பது அன்பின் அளவுகோல் ஆகாது. எது கைக்கு எட்டியது, எது இல்லாமல் மறுநாள் வாழ முடியாது என்பவைதான் அங்கே தீர்ப்புச் சொல்லும். உங்களுக்குத் தெரிந்த குறுக்குத்துறைக் கோயிலிலேயே ஆற்றில் வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள்; மூலவர் தண்ணீருக்குள்தான் இருப்பார். அவரை விட்டுவிட்டு வந்ததாக யாரும் எண்ணுவதில்லை.

நிம்மதி எங்கிருந்து வந்தது என்றால், சுமையிலிருந்து வந்தது. அட்டைகளை அடுக்க வேண்டும், பட்டியல் முடிக்க வேண்டும், அடுத்த அறிக்கை எழுத வேண்டும், மன்றத்துக்குச் செய்திமடல் தயாரிக்க வேண்டும் என்ற கடமைகள், ஆசை போன பின்னும் பல ஆண்டு உங்கள் முதுகில் இருந்தன. இறக்கிவைக்க உங்களுக்குத் துணிவில்லை. வெள்ளம் கேட்காமல் இறக்கிவிட்டது. நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட மகனுக்கோ மகளுக்கோ, அவர் கண்மூடிய பின் துக்கத்தோடு ஒரு மூச்சுவிடுதலும் வரும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்பு குறைந்தவர்கள் இல்லை. உங்களுக்கு அழுகை வரவில்லை என்றீர்கள். இந்தக் கடிதம் நான்கு பக்கம் நீண்டதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நாற்பத்தெட்டு ஆண்டு வீணாகிவிடுமே என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். போட்ட முதலுக்காகவே ஒன்றைத் தொடரும் இந்த மனப்போக்கை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் ஆராய்ந்து எழுதினார்கள்: நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, பருவத்தின் முதற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த பணம் மட்டுமே வேறு. ஆனால் உங்கள் ஆண்டுகளைப் போட்ட முதலாகப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அவற்றின் பலனை நீங்கள் அன்றன்றைக்கே பெற்றுவிட்டீர்கள். பத்தாம் வகுப்பு மாணவனாக உலகப் படத்தைச் சுவரில் ஒட்டிக் கற்ற நாடுகளும், அறிக்கை எழுதுவதற்காகவே படித்துக்கொண்ட ஆங்கிலமும், தபால்காரர் மணியடிக்கும் சத்தத்துக்கு ஓடிய மத்தியானங்களும் இனி யாராலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதவை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொஞ்ச நாள் விட்டுப் பிடித்தால் ஆசை தானே திரும்பும் என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சிலருக்குத் திரும்பும், பலருக்குத் திரும்பாது. காத்திருப்பதை மட்டுமே மருந்தாகச் சொல்ல என்னால் முடியவில்லை. காதுப் பரிசோதனை முடிந்து, கருவி தேவையென்றால் அதுவும் பொருத்திக்கொண்டு பழகிய பிறகு, இரண்டு வாரம் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். நான்கு மணிக்கு எப்படியும் விழிக்கிறீர்கள். பெட்டியை எடுத்து, குறிப்பேடும் பேனாவும் கடிகாரமும் இல்லாமல், நிலையத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியமும் இல்லாமல், இருபது நிமிடம் சும்மா கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். அந்த இரண்டு வாரத்தில், பதினைந்து வயதில் வந்த வியப்பின் சாயல் ஒருமுறையாவது வந்தால், உங்களுக்குச் சலித்தது பதிவும் அட்டையுமே தவிரக் கேட்பது இல்லை என்று தெரியும்; அப்படியானால் அறிக்கையை விட்டுவிட்டு வெறும் நேயராக இருங்கள். வரவில்லை என்றால், நல்லபடியாக முடிந்த ஒன்று முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். இரண்டில் எது நடந்தாலும் தைப்பொங்கலுக்குள் முடிவு எடுத்துவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. முடிவெடுக்காமல் இழுப்பதுதான் இரண்டு ஆண்டுகளாக உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது.

மன்றத்தைப் பொறுத்தவரை, முடிவு எதுவானாலும் செயலாளர் பொறுப்பை விட்டுவிடுங்கள். பத்தொன்பது ஆண்டு போதும். ஆனால் கூட்டத்துக்குப் போகாமல் மெல்ல மெல்ல மறைந்துவிட வேண்டாம். அது உங்களுக்கும் அவர்களுக்கும் ஆறாத புண்ணாக நிற்கும். ஒரு நாள் குறித்து, வங்கிப் புத்தகம், ரப்பர் முத்திரை, முகவரிப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், "தம்பி, இனிமே எனக்கு முன்ன மாதிரி ஆசை இல்லய்யா, இந்த மாசத்தோட பொறுப்ப உங்ககிட்ட ஒப்படைச்சிருதேன்" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நிலையங்கள் மூடியதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அவர்கள் அதற்கு மறுப்புச் சொல்லத் தொடங்குவார்கள், நீங்களும் தயங்குவீர்கள். ஆசை இல்லை என்பதற்கு மறுப்பு கிடையாது. நீங்கள் இல்லாமல் மன்றம் எப்படி என்று அவர்கள் கேட்பது அன்பினால். மன்றம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதமுள்ள அட்டைகளை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணத்துக்கு நெருக்கடி இல்லை என்றும் சொல்லியிருப்பதால் விற்பனையை நான் ஆதரிக்கவில்லை. நனைந்து ஒட்டிக்கொண்டவற்றைக் கையால் பிய்க்க வேண்டாம்; பூஞ்சை பிடித்தவற்றை முகக்கவசம் அணிந்து தனியே பிரித்து, மற்றவற்றோடு சேராமல் வையுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றிலிருந்து, யோசிக்காமல் கை எடுக்கும் முப்பது நாற்பதை மட்டும் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், யார் அருகில் இருக்கும்போது கேட்டீர்கள் என்று ஒரு தனித்தாளில் நான்கு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள். அட்டையைக் காட்டிலும் அந்த நான்கு வரிதான் பேத்திக்கு வேண்டியிருக்கும். மற்றவற்றை மன்றத்துக்கோ, இதழியல் கற்பிக்கும் கல்லூரி ஒன்றுக்கோ கொடுக்கலாம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கியூஎஸ்எல் அட்டைகளைத் திரட்டிப் பாதுகாப்பதற்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரிய அட்டைகளைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். அதுவும் ஒரு வெளிநாட்டுக் கடிதம்தான், பதிலும் வரக்கூடும். குறிப்பேடுகளை மட்டும் இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். அவை அட்டையைப் போலப் பரிசுகள் இல்லை, உங்கள் கையெழுத்தில் உள்ள வாழ்க்கை; அவற்றைப் பற்றி முடிவெடுக்க இன்னும் சில ஆண்டு எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் கையெழுத்து ஓரிடத்தில் மாறுகிறது. மூன்று பக்கம் வரை எழுத்து ஒரே சீராக, அலுவலகக் கோப்பைப் போல இருக்கிறது. நான்காம் பக்கத்தில், குறுக்குத்துறைப் படியில் எந்தக் கல்வரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று நாள்தோறும் பார்த்துவந்து மனைவியிடம் சொல்வதாகவும், கல்மண்டபத்துத் தூணில் மீன்கொத்தி ஒன்று வந்து உட்காரும் நேரத்தைக் கவனித்து வைத்திருப்பதாகவும் எழுதும்போது எழுத்துச் சாய்ந்து, வரி கோணி, வேகம் எடுக்கிறது. அதைப் புதிய பொழுதுபோக்கு என்று பெயரிட்டு ஒரு குறிப்பேடு வாங்கிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.

மாடியில் கட்டியிருக்கும் ஆன்டெனாக் கம்பியை அவிழ்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் மாடிக்குப் போய் அதைத் தொட வேண்டாம். பெட்டியிலிருந்து இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, மழை ஓய்ந்து தை பிறந்தபின், உங்கள் முடிவைப் பொறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். செவித்திறன் பரிசோதனையின் முடிவு வந்ததும் அதன் நகலோடு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அன்று காலையில் தண்ணீர் எத்தனையாவது படியில் நின்றது என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.